கார்டு கெட்டால் யாரிடம் போவது?

வீட்டுக் கம்ப்யூட்டரில் கிராஃபிக்ஸ் கார்டை மாற்றும் வேலை சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் ஒன்றுதான். கரண்டை நிறுத்தி, பக்கத் தகட்டைக் கழற்றி, கார்டைப் பிடித்திருக்கும் திருகுகளை எடுத்து, ஸ்லாட்டின் முனையிலுள்ள கொக்கியை விரலால் அழுத்தினால் பழைய கார்டு கையோடு வந்துவிடும். புதியதை அதே இடத்தில் நேராக வைத்து, ‘டக்’ என்ற சத்தம் வரும்வரை அழுத்தி, பவர் கேபிளைச் செருகி, மானிட்டர் கேபிளை மதர்போர்டில் அல்லாமல் புதிய கார்டிலேயே மாட்ட வேண்டும். அரை மணி நேர வேலை. எந்தக் கார்டு, எப்போது, யாரிடம் என்று முடிவெடுப்பதில்தான் இரு நாட்டுக்காரர்களும் பிரிகிறார்கள். இந்தியாவில் வாங்குகிறவர் பிராண்டைப் பார்க்கிறார். இலங்கையில் வாங்குகிறவர் கடையைப் பார்க்கிறார்.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கார்டு கேட்டு நிற்பவர்கள் பலரும் ஆன்லைன் விலையை போனில் திறந்து வைத்துக்கொண்டுதான் பேரம் பேசுகிறார்கள். கடைக்காரர் அதைத் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. ‘பில் வேணாம்னா இன்னும் கொறச்சுத் தரலாம் சார்’ என்ற பேச்சும் இடையில் வரும். 18 சதவீத ஜிஎஸ்டி மிச்சம் என்று மனம் அலைபாயும். அங்கே அசையவே கூடாது. இந்தியாவில் கார்டு பழுதானால் தயாரிப்பு நிறுவனத்தின் சர்வீஸ் சென்டருக்கே போகலாம் என்பதுதான் பெரிய வசதி. அங்கே கேட்பது கார்டில் ஒட்டியிருக்கும் சீரியல் எண்ணும், தேதி போட்ட பில்லும். வாரண்டி பெரும்பாலும் 3 ஆண்டு. ஒன்றரை ஆண்டு ஓட்டிய கார்டை விற்கும்போது பில்லும் பெட்டியும் இருந்தால் விலையே வேறு. மிச்சமுள்ள வாரண்டியை நம்பி அடுத்தவர் வாங்குகிறார். அந்தப் பணத்தோடு கொஞ்சம் சேர்த்து விற்றவர் அடுத்த கார்டுக்குப் போகிறார். தமிழ்நாட்டு இளைஞர்களால் அடிக்கடி கார்டு மாற்ற முடிவது பெருமளவு இந்த ஏற்பாட்டினால்தான்.

கொழும்பில் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்குள் போனால் கேள்வி மாறுகிறது. ‘இந்தக் கடை எப்பிடி? வாரண்டிக்கு இழுத்தடிக்க மாட்டினமோ?’ என்றுதான் தெரிந்தவர்களிடம் விசாரிப்பார்கள். கார்டில் கடையின் சிறு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அது கிழிந்தால் வாரண்டி போயிற்று. பழுதானால் கார்டு கடைக்கும், கடையிலிருந்து இறக்குமதி செய்தவருக்கும், தேவையானால் நாட்டுக்கு வெளியேயும் போய்த் திரும்ப வேண்டும். யாழ்ப்பாணத்துக்காரருக்கு அதற்கு முன்னே 400 கிலோமீட்டர் தூரம் வேறு. இரவு பஸ்ஸில் பார்சல் போட்டுவிட்டு, வாரக்கணக்கில் மதர்போர்டின் சாதாரண டிஸ்ப்ளேயில் காலம் தள்ளுவார். அதனால்தான் அங்கே ஆயிரம் இரண்டாயிரம் கூடக் கொடுக்க வேண்டியிருந்தாலும் பழகிய கடையை விடமாட்டார்கள். இது வீண் செலவு என்று சென்னைக்காரருக்குத் தோன்றலாம். அங்கே கார்டோடு ஒரு மனிதரின் வாக்கையும் விலைக்கு வாங்க வேண்டியிருக்கிறது.

இந்த எச்சரிக்கையை இலங்கையின் 2022 பொருளாதார நெருக்கடி மேலும் இறுக்கியது. ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு 2021 பிப்ரவரியில் 329 டாலர் அறிவிப்பு விலையோடு வந்தது. 2022 மார்ச் தொடக்கத்தில் டாலர் ஏறத்தாழ 200 இலங்கை ரூபாய். மே மாதத்தில் 360ஐ ஒட்டி நின்றது. வரி, லாபம் எதையும் சேர்க்காமல் 65,800 ரூபாயாக இருந்த கணக்கு மூன்றே மாதத்தில் 1,18,440 ஆனது. அதே ஆண்டில் இந்திய ரூபாய் 75ஐ ஒட்டியிருந்து 83ஐ ஒட்டிச் சரிந்தது. அதே கார்டுக்குக் கணக்கு 24,675லிருந்து 27,307. இந்தியரை இது சலிப்படைய வைத்தது. இலங்கையரின் திட்டத்தையே அழித்தது. வாரண்டியில் கடைக்காரர் பழைய விலையைத் திருப்பிக் கொடுத்தால்கூட அந்தக் காசுக்கு அதே கார்டு கிடைக்காத நிலை. கையில் இருப்பதைக் காப்பாற்று என்பதே வழியாயிற்று. தூசி தட்டி, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகத் தடவி, தேய்ந்த ஃபேனை மட்டும் மாற்றி, பழைய 1050 டிஐ, ஆர்எக்ஸ் 580 கார்டுகளை ஓட்டினார்கள். இந்தப் பொறுமையை இந்தியத் தமிழர்கள் கற்றுக்கொள்ள வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன். சூடாகி அணையும் கார்டுகளில் பல, பேஸ்ட் மாற்றினாலே சரியாகிவிடும்.

2022 செப்டம்பர் 15 அன்று எத்தேரியம் என்ற கிரிப்டோ நாணயம் கார்டுகளைக் கொண்டு தோண்டும் (மைனிங்) முறையைக் கைவிட்டதும், பாவித்த கார்டுகள் மலிவாக விற்பனைக்கு வந்தன. இந்தியாவில் ஓஎல்எக்ஸ் தளத்தில், இலங்கையில் இக்மன் தளத்தில். தோண்டிய கார்டு எல்லாமே கழிவு அல்ல. ஆனால் கால் மணி நேரமாவது முழுப் பாரத்தில் ஓட்டிக் காட்டச் சொல்லாமல் காசு கொடுக்கக் கூடாது. ஓவனில் வைத்துச் சூடாக்கி உயிர்ப்பித்த கார்டு பெரும்பாலும் சில வாரத்தில் மறுபடி படுத்துவிடும்.

இரு பக்கமும் ஒரே மாதிரி அலட்சியப்படுத்தும் பொருள் ஒன்று உண்டு: எஸ்எம்பிஎஸ் எனும் பவர் சப்ளை. பெட்டியில் 450 வாட் என்று பெரிதாக அச்சிட்டிருக்கும். லேபிளில் 12 வோல்ட் வரிசையைப் பாருங்கள். 18 ஆம்பியர் என்றிருந்தால் 12ஐ 18ஆல் பெருக்கி 216 வாட்; அவ்வளவுதான் கார்டுக்கும் பிராசசருக்கும் சேர்த்துக் கிடைக்கும். ஆர்எக்ஸ் 580க்கு மட்டும் 185 வாட் வேண்டும். 65 வாட் பிராசசரைச் சேர்த்தால் 250. கேம் தொடங்கியதும் கம்ப்யூட்டர் அணைந்து எழுவதற்குக் கார்டைப் பழித்துப் பயனில்லை. மின்வெட்டு பழகிய வீடுகளில் யூபிஎஸ்ஸும் இந்தக் கணக்கில் வரும். பரவலாக விற்கும் 600 விஏ யூபிஎஸ் தாங்குவது 360 வாட் அளவுதான். நாளுக்கு 13 மணி நேரம் மின்சாரம் நின்ற 2022 மார்ச் இறுதியைக் கண்ட இலங்கையில், ஸ்லாட்டிலிருந்தே வரும் 75 வாட்டுக்குள் அடங்கும் கார்டைத் தேடுவது புத்திசாலித்தனம். பழைய அலுவலக டெல், எச்பி பெட்டிகளை வாங்கி வைத்திருப்பவர்களுக்கு வேறு வழியும் குறைவு. அவற்றில் பலவற்றின் பவர் சப்ளை அந்தந்த நிறுவனத்துக்கே உரிய வடிவில் இருக்கும். கடையில் கிடைப்பது பொருந்தாது.

சென்னை–யாழ்ப்பாண விமானம் 2022 டிசம்பரில் மீண்டும் பறக்கத் தொடங்கிய பிறகு, ‘வரும்போது ரிச்சி ஸ்ட்ரீட்டில ஒண்டு வாங்கி வாங்கோ’ என்று உறவினரிடம் சொல்லிவிடுவது எளிதாயிற்று. விலையில் மிச்சம் இருக்கும். ஆனால் கார்டு வாரண்டி பெரும்பாலும் வாங்கிய நாட்டோடு நின்றுவிடும்; ஆறாம் மாதத்தில் பழுதானால் மறுபடி விமானம் ஏறும் யாரையாவது தேட வேண்டும். அதற்கு மனம் ஒப்பினால் வாங்கலாம். ஒப்பாவிட்டால் பம்பலப்பிட்டியே மேல்.

கடைக்குக் கிளம்பும் முன் உங்கள் எஸ்எம்பிஎஸ் லேபிளைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் பில்லில் சீரியல் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். இலங்கையில் அதோடு இறக்குமதி செய்தவர் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். நாளைக்குக் கடை மூடினாலும் போய்க் கேட்க ஓர் இடம் இருக்கும்.