அடியெடுத்துக் கொடுத்தலும் இலஞ்சித் திருப்புகழும்

பாடத் தொடங்குவார்க்கு நேரும் இடர்கள் பலவற்றுள்ளும் பெரியது சொல் வாராமை. யாப்பிலக்கணம் கற்றிருப்பர், பாடுதற்குரிய பொருளும் நெஞ்சில் நிறைந்திருக்கும், எனினும் முதற்சீர் எழாது. வேறு சிலர்க்கு முதற்பாட்டு இனிதின் அமைந்து, இரண்டாம் பாட்டிற்கு நா எழாது. தம்மூர்த் திருக்கோயிலின்மேற் பதிகம் ஒன்று பாட முற்பட்ட அன்பர் பலர், நான்காம் பாட்டிலோ ஐந்தாம் பாட்டிலோ நின்று, 'நமக்குத் திருவருள் இல்லை' என்று தாமே முடிவு கட்டி ஏட்டை மூடி விடுகின்றனர். சொல் தடைப்படுதல் அருளின்மைக்கு அடையாளமாமோ என்பதே ஈண்டு ஆராயற்பாலது. அதற்கு அருணகிரிநாதர் வரலாறும், அவர் இலஞ்சித் தலத்திற் பாடியருளிய திருப்புகழ் ஒன்றும் சான்றாக நிற்கின்றன.

இறைவன் புலவர்க்கு அடியெடுத்துக் கொடுத்த வரலாறுகள் சைவ உலகில் பல. திருவெண்ணெய்நல்லூரில் யாது சொல்லிப் பாடுவேன் என்று திகைத்த சுந்தரமூர்த்தி சுவாமிகளுக்குப் 'பித்தா' என்னும் சொல் முதலாக அருளப்பெற்றது. தில்லையிற் சேக்கிழார்க்கு 'உலகெலாம்' என்பது கிடைத்தது. காஞ்சிக் குமரகோட்டத்திற் கச்சியப்ப சிவாசாரியார்க்குக் கந்தபுராணத்தின் தொடக்கம் அருளப்பெற்றது என்பது மரபு. இவ்வரலாறுகளைக் குறித்து இருவேறு கொள்கையுடையார் உளர். ஒரு சாரார், முதலடி வான்வழி வருமளவும் பாடுவோன் வாளா காத்திருத்தலே முறை என்பர். மற்றொரு சாரார், இவை நூற்குப் பெருமை தேடப் பிற்காலத்தார் புனைந்தவை என்று ஒதுக்குவர். இருவரும் வரலாற்றின் உட்கிடையை நோக்கினாரல்லர்.

இவ்வரலாறுகள் அனைத்திலும் அருளப்பெற்றது ஒரு சொல்லோ சில சொல்லோதான். நூல் முழுதும் அன்று. சேக்கிழார் பெற்றது 'உலகெலாம்' என்னும் ஒரு தொடர். அவர் பாடியன 4,000-க்கு மேற்பட்ட பாடல்கள். அவற்றிற்கு ஆளுடைய நம்பிகளின் திருத்தொண்டத்தொகையையும், நம்பியாண்டார் நம்பிகளின் திருவந்தாதியையும் அடிப்படையாகக் கொண்டு, தொண்டர்தம் ஊரும் குலமும் தொழிலும் ஆராய்ந்து தொகுத்தமைத்தார். கிடைத்த அச்சொல்லை முதலில் வைத்ததோடு அமையாது, புராணத்தின் முடிவிலும் அதனையே வைத்து நிறைவு செய்தார். வித்து அருளப்பெற்றது, உழவு அவருடையது.

சுந்தரர் வரலாறு இன்னும் நுட்பமானது. 'பித்தன்' என்னும் சொல் அவருக்குப் புதிதன்று. மணப்பந்தரில் வழக்கிட்டு வந்த முதிய அந்தணரை வெகுண்டு அவர் வாயாற் சொன்ன சொல்லே அது. அச்சொல்லையே முதலாகக் கொண்டு பாடுக என்றான் இறைவன். வசையாக வந்த சொல் வாழ்த்தாக மாறிற்று. பாடுதற்குச் சொல் இல்லை என்று மயங்குவோன் நாவிலேயே அச்சொல் முன்னரே இருந்தது என்பதும், அதனை அவனுக்குக் காட்டுதலே அருளின் செயல் என்பதும் இதனாற் பெறப்படும். காட்டும் உபகாரமும் காணும் உபகாரமும் எனச் சித்தாந்த நூலோர் கூறும் முறைமைக்கு இது நல்ல எடுத்துக்காட்டாம்.

இனி, அருணகிரிநாதர் வரலாற்றிற்கு வருவோம். அவர் 15-ஆம் நூற்றாண்டினர்; விசயநகர மன்னன் பிரபுடதேவராயன் காலத்தவர். திருவண்ணாமலைக் கோபுரத்தினின்றும் வீழ்ந்து உயிர் விடத் துணிந்தவரை முருகப்பெருமான் தாங்கி ஆட்கொண்டான் என்பது செவிவழி வரலாறு. அங்ஙனம் ஆட்கொண்டவன் அவரை உடனே பாடப் பணித்திலன். சொல்லற்றுச் சும்மா இருக்கும்படி முதலில் உபதேசித்தான். இவ்வுபதேசம் செவிவழிச் செய்தி மாத்திரம் அன்று. கந்தரநுபூதியில் அருணகிரியாரே இதனைக் குறித்துள்ளார். அங்ஙனம் இருந்த பின்னரே பாடுக என்னும் ஆணை பிறந்தது. எவ்வாறு பாடுவேன் என்று அவர் அஞ்சி நின்றபோது 'முத்தைத்தரு' என அடியெடுத்துக் கொடுத்தருளினான் என்ப.

அதனோடு தடை முற்றும் நீங்கிற்றோ எனின், இல்லை. முதற்பாட்டுப் பாடிய பின் மேலே பாடும் வகை அறியாது நின்றவரை வயலூர்க்கு வரப் பணித்தனன் என வரலாறு தொடர்கின்றது. வயலூரில் அவர் பெற்றது சொல்லன்று, பொருள். மயில் வாகனம், கடப்பமாலை, கிரவுஞ்ச மலையைத் துளைத்த வேல், சேவற்கொடி, சிற்றடி, பன்னிரு தோள், வயலூர் ஆகிய இவற்றை வைத்துத் திருப்புகழ் பாடுக என்று தமக்கு அருளிய திறத்தை அவரே ஒரு திருப்புகழில் வியந்து பாடியுள்ளார். ஆதலின் இதற்கு அவர் திருவாக்கே சான்று.

எனவே அருணகிரியார்க்கு நேர்ந்த தடைகள் இரண்டு. அவற்றிற்கு அருளிய மருந்துகளும் இரண்டு. தொடங்க இயலாமைக்கு மருந்து, மௌனமும் அதன்பின் ஒரு சொல்லும். தொடர இயலாமைக்கு மருந்து, கண்ணாற் காணவும் கருத்தாற் பற்றவும் உரிய பொருள்களின் வரிசை. 'இறைவன் பெருமையைப் பாடு' என்று பொதுவாகச் சொல்லியிருப்பின் அவர் மீட்டும் திகைத்திருப்பார். எல்லையற்ற பொருளை எங்குத் தொட்டுப் பாடுவது? மயிலின் சேணமும் மணியும் தொடக்கமாகச் சிற்றடி வரை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டியமையின் நாவிற்குப் பற்றுக்கோடு கிடைத்தது. அவர் பாடியன 16,000 என்பது வழக்கு. இன்று கிடைப்பன 1,300-க்கு மேற்பட்டன.

முதல் மருந்தாகிய மௌனம் எங்ஙனம் சொல்லைப் பிறப்பிக்கும் எனின், வாக்கின் இயல்பு அறிந்தார்க்கு அது விளங்கும். சூக்குமை, பைசந்தி, மத்திமை, வைகரி என வாக்கு நான்காம். பிறர் செவிக்குக் கேட்பது வைகரி. செவிக்கு எட்டாது உள்ளத்துள்ளே எழுத்தும் சொல்லும் முறைப்பட நிற்பது மத்திமை. எழுத்து வேறுபாடு தோன்றாது எல்லாம் அடங்கி ஒன்றாய் நிற்பது பைசந்தி. இதற்குச் சிவஞான சித்தியார் கூறும் உவமை மயிலின் முட்டையுள் இருக்கும் நீர். தோகையின் பல நிறங்களும் அந்நீரில் உள்ளன. ஆயினும் ஒன்றும் புலப்படவில்லை. இவற்றிற்கெல்லாம் மூலமாய் அறிவொளியாய் நிற்பது சூக்குமை.

பொருள் நெஞ்சில் நிறைந்திருந்தும் சொல் எழவில்லை என்பார் நிலை, அந்நீரின் நிலையே. அங்கு மயில் இல்லை என்பது பிழை. மயிலைக் காண்பான் விரைந்து முட்டையை உடைப்பதும் பிழை. அடைகாத்தல் ஒன்றே வழி. பிறர் நூலிலிருந்து சொற்களைப் பெயர்த்து வைத்து இடத்தை நிரப்புவோர் முட்டையை உடைப்பவர் ஆவர். சொல்லற்றிருந்த அருணகிரியார் அடைகாத்திருந்தார்.

'மறைப்பு என்பது மலத்தின் செயலன்றோ? அதனை நன்மையெனக் கொள்ளுதல் யாங்ஙனம்?' என்று கடாவலாம். ஐந்தொழிலுள் மறைத்தலும் ஒன்று. மலத்தைச் செலுத்தி நிற்றல்பற்றித் திரோதான சத்தி உபசாரத்தால் மலமெனப் பெயர் பெறினும், உண்மையில் அது சிவசத்தியேயாம். உயிர் பக்குவமுறும் பொருட்டே அது மறைத்து நிற்கின்றது. பாட்டில் நேரும் தடையினையும் இம்முறைமை பற்றி நோக்குதல் தகும். 'யான் பாடுவேன்' என்னும் முனைப்பு அடங்குமளவும் நின்று, அடங்கியபின் விலகுவது அது. ஆகவே தடை உற்றமை அருள் நீங்கியதற்கு அறிகுறி அன்று. நெல்லைச் சீமையிற் பிறந்த குமரகுருபரர் ஐந்தாண்டு வரை வாய் பேசாதிருந்து, செந்திலாண்டவன் திருமுன் நா திறந்து கந்தர் கலிவெண்பாப் பாடியமையும் ஈண்டு நினைக்கத்தகும்.

'அருணகிரியார்க்கும் குமரகுருபரர்க்கும் நிகழ்ந்தது பெருவியப்பு. ஏனையோர்க்கு அதனாற் பயன் என்னை?' என்பார்க்கு விடை, இலஞ்சித் திருப்புகழில் உள்ளது.

இலஞ்சி, 2019-ஆம் ஆண்டில் தனி மாவட்டமாகிய தென்காசியில், குற்றாலத்திற்கு அணித்தாய்ச் சிற்றாற்றங்கரையில் அமைந்த திருப்பதி. இலஞ்சி என்னுஞ் சொல் நீர்நிலைக்கும் மகிழமரத்திற்கும் பெயராம். குமரன் கோயிலாகப் புகழ் பெற்ற இத்தலத்தில் சிவபெருமானுக்கு இருவாலுக நாயகர் என்பது திருநாமம். வாலுகம் என்பது மணல். குற்றாலத்திற் புகத் தடையுற்ற அகத்தியர் இங்கு வந்து குமரனை வணங்கி, ஆற்று வெண்மணலைக் குவித்து இலிங்கமாக்கி வழிபட்டனர் என்பது தலவரலாறு. இலஞ்சி முருகன்மேற் பிள்ளைத்தமிழும் உலாவும் உண்டு.

அருணகிரியார் இத்தலத்திற்குப் பாடிய திருப்புகழ்களுள் 'மாலை' என்னுஞ் சொல்லால் தொடங்குவது ஒன்று. பிரிவால் வாடும் தலைவியின் நிலையைக் கூறும் அகத்துறைப் பாட்டு அது. எட்டுத் தொடர்களால் ஆயது. ஒவ்வொரு தொடரும் அளவொத்த மூன்று பகுதிகளும் இறுதியில் ஒரு தொங்கலும் உடையது. முதல் தொடரின் மூன்று பகுதிகளும் 'மாலை' என்றே தொடங்குகின்றன. இரண்டாவதன் மூன்று பகுதிகளும் 'வாடை' என்றே தொடங்குகின்றன. அந்திப்பொழுது மாலை, தொடுக்கப்படுவதும் மாலை, மயக்கமும் மால். ஒரு சொல்லைத் திருப்பிப் பார்த்த அளவில் பொழுதும், அப்பொழுதிற்குரிய பூவும், பூவைக் கணையாக உடைய மன்மதனும் அடுத்தடுத்து வந்து நிற்கின்றனர். மலர்க்கணை சுட்டது என்றபின் காற்றுச் சுட்டது என்பது தானே தொடர்கின்றது. அடுத்த பொருளைத் தேடி வெளியே செல்லாது, எடுத்த சொல்லினுள்ளேயே அதனைக் கண்டெடுத்த திறம் இது. அடியெடுத்துக் கொடுத்தல் என்பது நூலின் தொடக்கத்தில் ஒருமுறை மட்டும் நிகழ்வதன்று. ஒவ்வொரு சீரும் அடுத்த சீர்க்கு அடியெடுத்துக் கொடுக்கின்றது என்பதை இப்பாட்டிற் காண்க.

மூன்றாம் தொடரில் இம்மடக்கு விடப்படுகின்றது. தலைவியின் மெலிவு கூறத் தொடங்கியபின் சொல் விளையாட்டிற்கு இடமில்லை. ஆண்டு எதுகையும் மோனையுமே போதுமாயின. ஊன்றி ஏறிய கோலை ஏறியபின் வைத்துவிடுதல் போல, வேண்டுமளவே ஓர் உத்தியைக் கொண்டு விடுத்தல் பெரும்புலவர் இயல்பு. மடக்கையே எட்டுத் தொடரிலும் நீட்டியிருப்பின் செவிக்கு விருந்தாகுமன்றி, தலைவியின் ஆற்றாமை புலப்படாது.

வயலூரிற் பெற்ற வரிசையோடு இப்பாட்டை ஒப்பு நோக்குவார்க்கு மற்றொன்று தோன்றும். இதில் மயில் இல்லை, சேவல் இல்லை, கடம்பும் பன்னிரு தோளும் இல்லை. வேல் ஒன்றே உளது. அவ்வேலும் கிரவுஞ்சத்தைத் துளைத்ததாகக் கூறப்படாது, கானகத்தில் வள்ளியைத் தேடி நடந்தவன் கையில் இருப்பதாகக் கூறப்படுகின்றது. தலைவன் வரவை எண்ணி வாடும் தலைவிக்கு, முன்னொருகால் ஒருத்தியைத் தேடித் தானே நடந்து சென்றவன் என்னும் நினைவே ஆறுதல் ஆதலின், அவ்விடத்திற்கு அது பொருந்திற்று. வரிசையை மனப்பாடமாக ஒப்பித்தலன்று அருளின் பயன். வேண்டும் பொருளை வேண்டுமிடத்தில் தெரிந்தெடுக்கும் அறிவு விளங்குதலே பயன் என்பது இதனால் துணியப்படும். வயலூர் நின்ற இடத்தில், சோலை சூழ்ந்து செந்நெல் விளையும் இலஞ்சி வந்து அமர்கின்றது. ஊர்ப்பெயரை அடுத்து 'மகிழ்' என்னுஞ் சொல் நிற்றலும், மகிழமரத்திற்கு இலஞ்சி என்னும் பெயருண்மை அறிந்தார்க்கு இன்பம் தருவதாம்.

தலைவி தளர்ந்து போமுன் இன்றே வரல் வேண்டும் என்பதே அப்பாட்டின் வேண்டுகோள். சொல் வாராது வருந்தும் புலவன் நிலையும் அதுவே அன்றோ? வாராமையைக் குறித்து அவன் வாய் மூடி வருந்துகின்றான்; இத்திருப்புகழோ வாராமையையே பாட்டாக்குகின்றது. பாடப் பொருளில்லை என்பார், பொருளின்மையால் தாம் படும் துன்பத்தையே முதற்பொருளாகக் கொண்டு அவன் திருமுன் விண்ணப்பித்தல் கூடும். அகத்தியர்க்குக் குற்றாலத்துத் திருக்கதவம் அடைபட்டிருந்த பொழுது, சிற்றாற்றில் மணல் இருந்தது. அவர் மனம் முறிந்து மீளவில்லை. கைக்கு எட்டிய மணலைக் குவித்தார். அதுவே இன்றும் அபிடேகமும் அருச்சனையும் பெறும் திருவுருவாய் நிற்கின்றது.

ஆதலின், ஐந்தாம் பாட்டில் நின்றுபோன பதிகத்தை உடைய அன்பர்கள் அதனை முடிந்ததென எண்ணற்க. சிலநாள் வாய் வாளாது வழிபட்டிருந்து, பின் அத்தலத்தில் தாம் கண்ட மரத்தையோ மணியையோ படிக்கட்டையோ ஒரு சொல்லாற் கூறி, அச்சொல் காட்டும் வழியே செல்க. ஆறாம் பாட்டு அதனுள்ளே அடங்கியிருத்தல் கூடும்.

திருச்சிற்றம்பலம்.