ஆச்சியின் குரலும் எமது சிரிப்பும்

பாடசாலை விடுமுறையில் பம்பலப்பிட்டியிலுள்ள சாச்சாவின் வீட்டில் தங்கியிருந்தேன். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் விசுவின் 'சம்சாரம் அது மின்சாரம்' (1986) ஓடியது. வேலைக்காரி கண்ணம்மாவாக வரும் மனோரமா, சம்பந்தியை எதிர்கொண்டு வாயடைக்கச் செய்யும் காட்சி வந்ததும் நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். குசினி வாசலில் நின்று பார்த்த, அவ்வீட்டில் வேலை செய்யும் மலையகத்துப் பெண் சிரிக்கவில்லை. "நல்லாக் கேட்டுச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அன்றிலிருந்து ஒரு கேள்வி என்னை விடவில்லை. நாங்கள் பார்த்ததும் அவர் பார்த்ததும் ஒரே நடிப்பைத்தானா?

மனோரமா 2015 ஒக்டோபர் 10ஆம் திகதி காலமானபோது, ஆயிரத்துக்கு மேற்பட்ட படங்கள், கின்னஸ் பதிவு, 2002இல் பத்மஸ்ரீ என்று எல்லோரும் கணக்கெழுதினர். எண்ணிக்கை பெருமைதான், விமர்சனமாகாது. 'பெண் சிவாஜி' என்ற பட்டமும் அப்படியே. ஒரு நடிகையின் அளவை இன்னொரு நடிகரின் நிழலில் வைத்து அளப்பது எப்படிப் பாராட்டாகும்?

1937இல் மன்னார்குடியில் பிறந்த கோபிசாந்தாவே பின்னாளில் மனோரமா ஆனார். காரைக்குடிப் பக்கத்துப் பள்ளத்தூரில் வீட்டு வேலை செய்து அவரை வளர்த்தவர் தாய். தாய் நோயுற்றபோது படிப்பை விட்டுத் தானும் வேலைக்குப் போன சிறுமி, நாடக மேடையில் ஏறினார். திரையில் முதலில் தோன்றியது ஒரு சிங்களப் படத்தில், நாயகியின் தோழியாக என்பது எம்மவர் பலரும் அறியாத செய்தி. தமிழில் கண்ணதாசனின் 'மாலையிட்ட மங்கை' (1958) அவரை அறிமுகப்படுத்தியது. கண்ணம்மா வாய் திறக்கும்போது அந்த வாழ்வின் அனுபவமும் சேர்ந்தே பேசுகிறது என நான் கருதுகிறேன்.

மேடை அவருக்குத் தந்த பெருங்கொடை குரல். 'பொம்மலாட்டம்' (1968) படத்தில் சென்னைச் சேரித் தமிழில் பாடினார். அதே ஆண்டு வந்த ஏ.பி. நாகராஜனின் 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் ஜில் ஜில் ரமாமணியானார். நாதஸ்வரமும் பரதமும் உயர்கலையென மதிக்கப்படும் கதையில், ஊர் ஊராக நாடகமாடிப் பிழைக்கும் ஒருத்தி வருகிறாள். அவளைக் கேலிப் பொருளாக்கி விட்டுவிடுவது எளிது. மனோரமா அப்படிச் செய்யவில்லை. அவளது பகட்டுக்குள் கலைமீதுள்ள பக்தியையும், தனக்குக் கிடைக்காத மதிப்பின் ஏக்கத்தையும் வைத்தார். சிவாஜியும் பத்மினியும் நிறைந்த படத்தில் ரமாமணி இன்றும் நினைவில் நிற்பது அதனாலேயே.

குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். தொண்ணூறுகளின் தாய் வேடங்கள் பலவற்றில் அழுகை மிகைப்பட்டது. ஒரே புலம்பலைப் பல படங்களில் கேட்டோம். ஆனால் அப்பழியை அவர் மீது மட்டும் சுமத்த முடியாது. பிரித்தானிய நடிகை மார்கரெட் ரூதர்போர்ட் ஏறக்குறைய எழுபது வயதில், 1961 முதல் 1964 வரை நான்கு படங்களில் துப்பறியும் மிஸ் மார்ப்பிளாகக் கதையின் நடுவில் நின்றார். எமது அபிமான ஆச்சியை மையமாக வைத்த படங்களையோ விரல்விட்டு எண்ணலாம். 1963இல் 'கொஞ்சும் குமரி'யில் நாயகியானவர், பிறகு காலமெல்லாம் பிறர் கதைகளின் ஓரத்தில் நின்றார். 'புதிய பாதை' (1989) தேசிய விருது பெற்றுத் தந்ததும் துணை நடிகைக்கான பிரிவில்தான்.

இது சினிமாவோடு முடியும் விடயமல்ல. அறுபதுகளின் தொடக்கத்தில் இந்நாட்டு முற்போக்கு எழுத்தாளர் பேச்சு வழக்கில் எழுதியபோது 'இழிசனர் வழக்கு' என்று இகழப்பட்டதை அறிவோம். அப்போராட்டத்தில் வென்றுவிட்டோம் என நினைக்கிறோம். எனினும் எமது நாடகங்களிலும் வானொலிச் சித்திரங்களிலும் கல்வியும் காதலும் நல்ல தமிழில் பேச, ஊர்ப் பேச்சு சிரிப்பு மூட்டுவதற்கென்று ஒதுக்கப்பட்டது எத்தனை முறை!

நானும் இதில் குற்றவாளியே. ஒருநாள் ஐந்தாம் வகுப்புச் சிறுமியொருத்தி எழுந்து, "உம்மா ஊட்டுல ஈக்கிறா, சேர்" என்றாள். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே திருத்தினேன். எழுத்தில் திருத்த வேண்டியது ஆசிரியனின் கடமை. ஆனால் அவள் சொன்னது தாயைப் பற்றிய செய்தி; பிழைப் பட்டியலல்ல. அப்பிள்ளை பிறகு அந்தத் தவணை முழுவதும் தானாக எழுந்து பேசவில்லை.

மனோரமா ஏற்ற பாத்திரங்களில் பல சிரிப்புக்கென்றே எழுதப்பட்டவை. அவற்றின் வாயில் வைக்கப்பட்ட கொச்சையை அவர் மனிதக் குரலாக்கினார். கண்ணம்மாவின் பேச்சில் வேடிக்கையை நாங்கள் கேட்டோம். நியாயத்தைக் குசினி வாசலில் நின்றவர் கேட்டார். சிறந்த ரசிகர் அன்று கதிரையில் இருக்கவில்லை.

ஊர்ப் பேச்சை எழுதும் எம்மிடையேயுள்ள இளம் எழுத்தாளர்கள் இப்படங்களை மறுபடியும் பார்க்க வேண்டும். எங்கே சிரிக்கிறோம், ஏன் சிரிக்கிறோம் என்று தம்மையே கேட்டுக்கொண்டு பார்ப்பது நன்று.