மேய்ச்சலும் இளக்காரமும்

ஜேம்ஸ் ரீபாங்க்ஸ் என்ற ஆங்கிலேயர் 2020-இல் வெளியிட்ட ‘இங்கிலீஷ் பாஸ்டரல்’ நாவல் அல்ல. அவருடைய சொந்தக் கதை. ஆனாலும் நாவல் எழுதுகிறவன் பொறாமைப்படும்படியான ஒரு விஷயம் அதில் இருக்கிறது. தன் வீட்டுத் தொழிலின் மேலேயே ஒரு வாலிபனுக்கு வரும் இளக்காரம்தான் அது.

வடமேற்கு இங்கிலாந்தில், ஏரிகளும் குன்றுகளும் நிறைந்த பிரதேசத்தில், பரம்பரையாக ஆடு மாடு வளர்க்கும் குடும்பம். வாலிப வயதில் ஆஸ்திரேலியாவுக்குப் போய், கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்த பண்ணைகளைப் பார்த்துவிட்டு வருகிறார். அதற்குப் பிறகு சொந்த ஊர் வயல் மனத்தில் நிற்குமா? தாத்தா கற்றுக் கொடுத்ததெல்லாம் பத்தாம்பசலியாகப் படுகிறது. மாட்டைக் கொட்டகையில் கட்டித் தீனி போடுவதும், நிலத்தில் மூட்டை உரத்தைக் கொட்டுவதும்தான் முன்னேற்றம் என்கிற காலம். பின்னால் மனம் மாறியவர்தான். ஆனால் அந்த வயதின் நம்பிக்கையை அவர் கேலி செய்யவில்லை. மேய்ச்சலை வெறுக்கிற இளைஞனைச் சோம்பேறி என்று திட்டிவிடுவது சுலபம். அவன் உழைக்கத் தயாராகத்தான் இருக்கிறான். கடனும் சந்தை விலையும் அல்லவா அவனை வேறு பக்கம் தள்ளுகின்றன!

மனம் மாற உபதேசம் காரணமில்லை. அக்கம்பக்கத்தில் ஒரு கிழவர். புது முறை எதையும் தொடாதவர். அவர் இறந்த பிறகு மண்ணைப் பரிசோதித்தால், அருமையான மண், வெளியிலிருந்து எதுவும் போட வேண்டாம் என்று தெரிகிறது. எல்லாம் சாணமும் மேய்ச்சலும் செய்த வேலை. வயலில் கிடை போட்டுப் பழகிய நம்மவர்களுக்கு இது புதிதல்லதான். ஆனால் உயிரோடு இருந்தவரை பிழைக்கத் தெரியாதவராகத் தோன்றிய மனிதரை இப்படி ஜெயிக்க வைத்திருப்பது நல்ல கதாசிரியனின் காரியம்.

கடைசிப் பாகம் எனக்கு அவ்வளவாக ருசிக்கவில்லை. மாடுகளை இடம் மாற்றி மாற்றி மேய்த்துப் புல்லுக்கு ஓய்வு கொடுக்கிறார். ஓடைக்கரையில் வேலி கட்டுகிறார், மரம் நடுகிறார். நல்ல காரியங்கள்தான். பணத்துக்கு எங்கே போவது? 2015-இல் வந்த ‘தி ஷெப்பர்ட்ஸ் லைஃப்’ அமோகமாக விற்றது. யுனெஸ்கோவுக்கு ஆலோசகராகவும் இருந்தவர். பண்ணை மட்டும் சோறு போடாது என்பதை அவர் மறைக்கவும் இல்லை. அப்படியானால் புத்தகம் எழுதத் தெரியாத அடுத்த பண்ணைப் பையன் என்ன செய்வான்? மலிவு விலையில் பாலும் இறைச்சியும் கேட்கிற பட்டணத்துக்காரர்கள் மேல் கோபப்படுகிறார்; நியாயமான கோபம். அதே நியாயத்தோடு அந்தப் பையனையும் ஓர் அத்தியாயம் பேச விட்டிருக்கலாம். இருபது வயதில் தாமே அவனாக இருந்தவர் அல்லவா!