ஆச்செபேயின் நாவல்களிற் பழமொழி

ஆபிரிக்க இலக்கியத்தைப் பற்றி எழுதுவோரிற் பலர் அதிற் காணப்படும் பழமொழிகளைத் தொகுத்துக் காட்டி, ஒரு கண்டத்தின் ஞானமே இவற்றில் அடங்கியுள்ளதென வியந்து அமைந்துவிடுகின்றனர். இவ்வியப்பு அன்பினால் எழுவதாயினும் இலக்கியத்தை விளங்கிக்கொள்ள உதவாது என்பதே எமது கருத்து. சொன்னவனையும் கேட்டவனையும் நீக்கிவிட்டுப் பழமொழிக்குப் பொருள் காண்பது, வழக்காடியோர் இன்னாரென அறியாமல் தீர்ப்பை மட்டும் வாசிப்பது போன்றதாகும்.

நைஜீரிய எழுத்தாளர் சினுவா ஆச்செபே (1930–2013) 1958இல் வெளியிட்ட முதல் நாவலை எடுத்துக்கொள்வோம். ஈழத்து எழுத்தாளர் என். கே. மகாலிங்கம் 'சிதைவுகள்' என அதனைத் தமிழிலே தந்துள்ளார். கதைத்தலைவன் ஒக்கொங்வோ கடனாளியாய் இறந்த தந்தைக்கு மகன். தன் உழைப்பால் உயர்ந்தவன். 'சி' என்பது இக்போ மக்களின் நம்பிக்கைப்படி ஒவ்வொருவருக்கும் உரிய தனித் தெய்வம். மனிதன் உறுதியோடு 'ஆம்' என்றால் அவனது 'சி'யும் உடன்படும் என்பது அவர்களிடையே வழங்கும் முதுமொழி. ஒக்கொங்வோவின் உயர்வுக்கு ஆசிரியர் இதனையே விளக்கமாகக் காட்டுகிறார்.

பின்னர், மரணச் சடங்கொன்றில் அவனது துவக்கு வெடித்து 16 வயதுச் சிறுவன் ஒருவன் மடிகிறான். ஒக்கொங்வோ 7 ஆண்டுகள் தாயின் ஊரில் வாழ நேர்கிறது. அங்கே அதே முதுமொழி மீண்டும் வருகின்றது. ஆயின், இம்முறை அது பொய்த்ததாகவே கூறப்படுகின்றது. வென்றவனுக்கு விளக்கமாயிருந்தது வீழ்ந்தவனுக்கு ஆறுதலாகவும் இல்லை.

இன்னுமொன்று. எத்துணை உரத்து 'ஆம்' என்றாலும் சமுதாயத்தின் செவியில் விழாதோரும் அந்த ஊர்களில் இருந்தனர். பெற்ற இரட்டைக் குழந்தைகளைக் காட்டில் எறியக்கொடுத்த தாயும், தீண்டலாகாதெனப் பிறப்பினால் ஒதுக்கப்பட்ட 'ஓசு' மக்களும் புதிய மதத்தின் பக்கம் சென்றதை ஆச்செபே மறைக்கவில்லை. முதியோரின் ஞானம் யாரைக் காத்தது, யாரைக் கைவிட்டது என்ற கேள்வி நாவலுக்குள்ளேயே எழுகின்றது.

1964இல் வெளிவந்த 'ஏரோ ஒவ் கோட்' நாவலிற் பழமொழி படைக்கலமாகவே மாறுகின்றது. தலைமைப் பூசகனான எசெயுலு தன் மகனொருவனைப் பாதிரிமாரிடம் அனுப்பியவன். வெள்ளை அதிகாரி அவனை அழைத்தபோது ஊர்ச்சபை கூடுகின்றது. எறும்பு மொய்த்த விறகை வீட்டுக்குட் கொண்டுவருபவன் பல்லிகளின் வருகையையும் எதிர்பார்க்கவேண்டும் என்ற கருத்தமைந்த முதுமொழியைச் செல்வந்தனான நுவாகா அங்கே எடுத்துரைக்கிறான். தனியே வாசிப்பவருக்கு இது முன்யோசனையைப் போதிக்கும் நல்லுரையாகத் தோன்றும். நுவாகாவின் வாயிலோ, பகைவனைத் தனியே தவிக்கவிடுவதற்கான நியாயமாகிறது. அந்நிய ஆதிக்கம் வாயிலில் நிற்க, ஊர் தன்னுள்ளே பிளவுபடுவதை அவ்வொரு வாக்கியமே காட்டிவிடுகின்றது.

முதல் நாவலின் முடிவில் வரும் மாவட்ட ஆணையாளனை இங்கு நினைவுகூரல் தகும். இம்மக்கள் வேண்டாச் சொற்களை விரும்புகின்றனர் என்பது அவனுக்குப் பெரும் எரிச்சல். ஆயினும் அவர்களைப் பற்றி நூல் எழுத முனைந்திருப்பவன் அவனே. ஒக்கொங்வோவின் வாழ்வுக்கு அதில் ஒரு பந்தி போதும் என்றும் முடிவுசெய்கிறான். அவன் இகழ்ந்தான், நம் கால இரசிகர் புகழ்கின்றனர். எனினும், பேசும் மனிதனைக் கேளாமை இருவருக்கும் பொதுவாகும்.

மக்கள் மொழியைப் போற்றுவது முற்போக்காளர் கடன் என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆனால், மக்கள் என்போர் ஒரே குரலினர் அல்லர். பழமொழியைக் காணுமிடமெல்லாம் யார் சொல்கிறான், யாரை நோக்கிச் சொல்கிறான், அதனால் யாருடைய வாய் அடைக்கப்படுகிறது என்று வினவுவோமாக. ஆச்செபேயின் மாந்தர் வாழ்ந்த சமுதாயம் அப்போதுதான் தன் உழைப்போடும் முரண்பாடுகளோடும் நம்முன் எழுந்து நிற்கும்.