குருதி தோய்ந்த ஊரும் 'உண்மை' நாவலும்

குற்றத்தைப் பொருளாகக் கொண்ட இலக்கியங்களுட் பெரும்பாலானவை 'யார் செய்தது?' என்ற வினாவோடு தொடங்கி, அதற்கு விடை கண்டதும் முடிந்துவிடுகின்றன. குற்றம் நிகழ்ந்த ஊருக்கு அதன்பின் என்ன நேர்ந்தது என்பது அவற்றின் அக்கறைக்கு உட்படுவதில்லை. அமெரிக்க எழுத்தாளர் ட்ரூமன் கப்போட்டியின் 'இன் கோல்ட் பிளட்' இவ்வழக்கினின்றும் விலகியது. 1965இல் 'நியூ யோர்க்கர்' சஞ்சிகையில் தொடராகவும் 1966இல் நூலாகவும் வெளிவந்த இப்படைப்பை அதன் ஆசிரியர் 'புனைவு சாராத நாவல்' என அழைத்தார். இந்நூலை மதிப்பிடுவதற்கான அளவுகோலை அப்பெயரே தந்துவிடுகின்றது.

1959 நவம்பர் 15ஆந் திகதி அதிகாலை, கன்சாஸ் மாநிலத்தின் மேற்குச் சமவெளியிலுள்ள ஹோல்கொம் என்னும் சிற்றூரிலே, கமக்காரர் ஒருவரும் அவர் மனைவியும் பதின்ம வயதினரான மகளும் மகனும் தம் வீட்டிலேயே கொல்லப்பட்டனர். ஏறக்குறைய 270 பேர் மட்டுமே வாழ்ந்த ஊர் அது. அவ்வீட்டிற் பணம் நிறைந்த இரும்புப் பெட்டி உண்டெனச் சிறைத்தோழன் ஒருவன் சொன்ன கதையை நம்பி வந்த இருவரே கொலைஞர். அத்தகைய பெட்டி அங்கு இருக்கவில்லை. அவர்கள் கொண்டு சென்றது 50 டொலருக்கும் குறைந்த பணமே.

டிசெம்பர் 30ஆந் திகதி லாஸ் வேகாஸ் நகரில் அவர்கள் கைதாகும் வரையிலான ஆறு வார காலத்தைச் சித்திரிக்கும் பகுதிகளே நூலின் உயிர்நாடி எனலாம். அதுவரை கதவைப் பூட்டி அறியாத மக்கள் பூட்டுப் போடத் தொடங்குகின்றனர்; இரவிலே விளக்கை அணைக்க அஞ்சுகின்றனர். அன்னியர் எவரும் காரணமின்றி இவ்வாறு செய்யார். ஆகவே கொன்றவர் தம்முள் ஒருவரே எனப் பலர் எண்ணுகின்றனர். கொலைஞர் யாரென்பதை வாசகன் தொடக்கத்திலேயே அறிவான், ஊரோ அறியாது. இம்முரண் வாயிலாக, அயலவர்மீது எழும் ஐயம் எத்துணை அடிப்படையற்றது என்பதையும் அது எத்துணை இயல்பானது என்பதையும் ஆசிரியர் ஒருங்கே உணர்த்திவிடுகிறார். நான்கு உயிர்களோடு ஓர் ஊரின் பரஸ்பர நம்பிக்கையும் கொலையுண்டது என்பதே இப்பகுதியின் சாரம்.

ஆயின், கைதுக்குப் பின்னர் நூலின் நாட்டம் கொலைஞரை, சிறப்பாகப் பெரி ஸ்மித்தை நோக்கித் திரும்புகின்றது. அவனது சிதைந்த இளமைப் பருவம் பரிவோடு விரிக்கப்படுகின்றது. அதிற் குறை காண்பதற்கில்லை. கொலைஞனும் ஒரு சமூகத்தின் விளைபொருளே. குறை யாதெனில், அப்பரிவுக்கு இடந்தரும் பொருட்டு ஊர் பின்னணித் திரையாக ஒதுக்கப்படுவதாகும். இழந்த நம்பிக்கை மீண்டதா, மீளவில்லையா என்ற வினாவுக்கு நூல் முகங்கொடுக்கவில்லை.

அவ்வினாவுக்குப் பதிலாக வாசகனுக்குக் கிடைப்பது இறுதிக் காட்சியாகும். புலனாய்வாளர் அல்வின் டூயி இடுகாட்டிலே கொலையுண்ட பெண்ணின் தோழியைச் சந்திக்கிறார். வாழ்க்கை தொடர்கின்றது என்ற ஆறுதலோடு நூல் நிறைவுறுகின்றது. ஆனால் அச்சந்திப்பு கற்பனையே என்பதை 1988இல் வெளிவந்த, ஜெரால்ட் கிளார்க் எழுதிய கப்போட்டியின் வாழ்க்கை வரலாறு வெளிப்படுத்தியது. 1966இலேயே பிலிப் தொம்கின்ஸ் என்பார் கன்சாசுக்கு நேரிற் சென்று ஆராய்ந்து, நூலின் வேறு சில பகுதிகளின் உண்மைத் தன்மையையும் வினாவுக்கு உட்படுத்தியிருந்தார்.

நாவலாசிரியனுக்குக் கற்பனைச் சுதந்திரம் உண்டன்றோ எனச் சிலர் வாதிடக்கூடும். உண்டு, ஆனால் எழுதியன யாவும் உண்மையே என உறுதி கூறியவர் அச்சுதந்திரத்தைத் தாமே துறந்தவராவார். அதனினும் முக்கியமானது பிறிதொன்று. ஹோல்கொம் மக்கள் தம் துயரத்தை நம்பிக்கையோடு எழுத்தாளரிடம் ஒப்படைத்தனர். அத்துயரத்துக்கு வாழ்வு தராத முடிவொன்றைக் கலை தந்தது. ஆறாத புண்ணை ஆறியதாகக் காட்டுவது வாசகனுக்கு ஆறுதலாகலாம். புண்பட்டவனுக்கு அது நீதியாகாது.

இக்குறையாலும் நூலின் பெறுமதி அற்றுப்போவதில்லை. வன்செயலின் விளைவைப் பிணங்களின் எண்ணிக்கையால் அன்றி, பூட்டப்பட்ட கதவுகளால் அளக்கக் கற்பித்த படைப்பு இது. அக்கதவுகள் எப்போது மீண்டும் திறந்தன என்பதையும் அது சொல்லியிருப்பின், தான் சூடிக்கொண்ட பெயருக்கு முற்றிலும் தகுதியுடையதாகியிருக்கும்.