எண்ணுக்கு அலகு எங்கே?

ஃப்ரீகேட் என்னும் இலவச வரைவு மென்பொருளைப் பொறியியல் மாணவர்கள் பலர் அறிவர். 2002-இல் முதலில் வெளிவந்த இதன் 1.0 பதிப்பு 2024-இல் வந்தது. இதில் வரையும் பொருளுக்கு நாமே புதிய பண்புகளைச் சேர்க்கலாம். சேர்க்கும்போது, அந்தப் பண்பு நீளமா, பரப்பா, அடர்த்தியா, வெறும் எண்ணா, சொல்லா என அதன் வகையைக் குறிப்பிட வேண்டும். இந்த ஒரு வசதியை மட்டும் இங்கே ஆராய்வோம்.

பழவேற்காட்டை அடுத்த லைட்ஹவுஸ் குப்பத்திற்கு ஒருபுறம் கடல், மறுபுறம் ஏரி. ஏரி ஆழம் குறைந்தது. முகத்துவாரம் மணலால் அடைபடுவதும் உண்டு. இங்கு ஓடும் படகிற்கு, அதன் அடிப்பகுதி நீரில் எவ்வளவு இறங்கும் என்பது உயிர்நாடியான கேள்வி. கணக்கை எளிதாக்க, படகை 6 மீட்டர் நீளமும் 1.5 மீட்டர் அகலமும் உள்ள ஒரு பெட்டி என்று கொள்வோம். ஆட்கள், வலை எல்லாம் சேர்த்து எடை 1800 கிலோ. ஆர்க்கிமிடீஸ் தத்துவப்படி நன்னீரில் அது 20 செ.மீ. இறங்கும். கன மீட்டருக்கு 1025 கிலோ அடர்த்தியுள்ள கடல்நீரில் ஏறத்தாழ 19.5 செ.மீ. இறங்கும். மழைக்காலத்தில் ஏரி நீரின் உப்பு குறைவதால், அதே படகு அரை சென்டிமீட்டர் கூடுதலாக அமிழும். வேறுபாடு சிறிதுதான், ஆனால் தவறான வகையைத் தேர்ந்தெடுத்தால் வரும் பிழை சிறிதன்று.

எடை, அடர்த்தி, நீளம், அகலம் அனைத்தையும் 'வெறும் எண்' வகையில் இட்டோம் என்க. 1800-ஐ 1000-ஆலும் 9-ஆலும் வகுத்தால் 0.2. மீட்டர் என்பது நம் மனத்தில் மட்டுமே உள்ளது. இவ்விடையை 'நீளம்' வகைப் பண்பிற்கு அனுப்பினால், ஃப்ரீகேட் அதனை 0.2 மில்லிமீட்டர் என்று ஏற்றுக்கொள்ளும்! ஏனெனில், அதன் உள்கணக்கில் நீளத்தின் அலகு மில்லிமீட்டர். அலகில்லாத எண் வந்தால் எச்சரிக்கை செய்யாமல் தன் அலகை அதற்கு ஒட்டிவிடுகிறது. இதுவே என் முதற்குறை.

சரியான வகைகளை இட்டால் நிலைமை வேறு. நீளத்தோடு பரப்பைக் கூட்டச் சொன்னால் மென்பொருள் மறுத்துவிடும். நாம் கரும்பலகையில் செய்யும் பரிமாணப் பகுப்பாய்வை அது சளைக்காமல் செய்கிறது. பாராட்டத் தக்கது. இதன் அருமையை அறிய 1999-ஐ நினைவு கொள்ளுங்கள். நாசாவின் 'மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர்' செவ்வாயை அடைந்தபோது அழிந்தது. தரையிலிருந்த ஒரு நிரல் கணத்தாக்கைப் பவுண்டு-விநாடியில் தந்தது. மற்றொன்று அதனை நியூட்டன்-விநாடியாக எடுத்துக்கொண்டது. எண்களோடு அலகு பயணம் செய்யவில்லை. பிழை 4.45 மடங்கு.

அடுத்த குறை பெயர்களில். வகைப் பட்டியலைத் திறந்தால், 'ஆப் ப்ராபர்ட்டி லெங்த்', 'ஆப் ப்ராபர்ட்டி டிஸ்டன்ஸ்' என நிரல் எழுதுவோரின் சொற்கள் நீண்டு செல்கின்றன. முதலாவது எதிர்மறை மதிப்பை ஏற்காது, இரண்டாவது ஏற்கும். ஏரியின் ஆழத்திற்கு முன்னது பொருந்தும். சராசரிக் கடல் மட்டத்தை ஒப்பிட்டுச் சொல்லும் நீர்மட்டம் அதற்கு மேலும் இருக்கலாம், கீழும் இருக்கலாம்; அதற்குப் பின்னதே வேண்டும். இந்த நுட்பத்தைப் பெயரிலிருந்து எந்த மாணவர் ஊகிப்பார்?

படகு செய்த பொருளைக் குறிக்கச் 'சொல்' வகையைத் தேர்ந்தெடுப்பவர்களும் உண்டு. ஒருவர் 'ஃபைபர்' என்பார், இன்னொருவர் 'பைபர்', மூன்றாமவர் 'கண்ணாடி இழை'. கணிப்பொறிக்கு இவை மூன்று பொருள்கள். விடைகளை முன்னரே வரையறுக்கும் பட்டியல் வகை இதற்கென்றே உள்ளது.

எந்த வகையாலும் தீராத சிக்கலும் ஒன்று உண்டு. ஏரியின் ஆழமும் படகு அமிழும் ஆழமும் நீளங்களே. முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால் படகின் அடியில் மிஞ்சும் நீர் கிடைக்கும். கூட்டினால் கிடைப்பதற்குப் பொருளே இல்லை. ஆனால் மென்பொருள் கூட்டித் தந்துவிடும். ஆகவே, பண்பைச் சேர்க்கும்போது விளக்கம் எழுத ஒரு கட்டம் தரப்படுகிறதல்லவா, பெரும்பாலோர் வெறுமையாக விட்டுவிடும் அந்தக் கட்டத்தில் எதிலிருந்து எதுவரை அளந்தது, எந்தப் பருவத்தில் அளந்தது என்று எழுதி வையுங்கள்.