ஜஹனாராவின் தெருவில் யார் உட்காரலாம்?

டெல்லிச் செங்கோட்டைக்கு எதிரே தொடங்கி ஃபதேபுரி மசூதியில் முடிகிறது சாந்தினி சௌக். நீளம் ஏறத்தாழ 1.3 கிலோமீட்டர். 1650ஆம் ஆண்டு வாக்கில் இதை அமைக்கச் செய்தவர் ஷாஜஹானின் மகள் ஜஹனாரா. தெரு முடியும் இடத்திலுள்ள மசூதியைக் கட்டுவித்தவர் ஷாஜஹானின் மனைவியருள் ஒருவரான ஃபதேபுரி பேகம். இன்று மின்பொருள் சந்தையாக இருக்கும் பகீரத் பேலஸ் ஒரு காலத்தில் சர்தானாவை ஆண்ட பேகம் சம்ரூவின் மாளிகை. ஒரே தெருவில் மூன்று பெண்களின் பணமும் விருப்பமும் கல்லாக நிற்கின்றன. அந்தத் தெருவில் இன்றைய பெண்ணுக்கு என்ன இடம் என்பதே அதன் மறுவடிவமைப்பைப் பார்த்து நாம் கேட்க வேண்டிய கேள்வி.

2018 டிசம்பரில் தொடங்கிய வேலை முடிந்து 2021 செப்டம்பரில் புதிய தெரு திறக்கப்பட்டது. காலை 9 மணி முதல் இரவு 9 மணி வரை மோட்டார் வண்டிகளுக்குத் தடை. தலைக்கு மேல் சிக்கிக் கிடந்த மின்கம்பிகள் மண்ணுக்கடியில் போயின. சிவப்புக் கல் பாவிய அகன்ற நடைபாதை வந்தது. இதைச் சிறிய விஷயமாக ஒதுக்கிவிட முடியாது. நம் குடும்பங்களில் இருக்கும் ஒற்றை வண்டி பெரும்பாலும் ஆணின் கையில்தான் இருக்கிறது, பெண்கள் நடக்கிறார்கள். இடுப்பில் குழந்தையோடு வருபவளுக்கும் மூட்டுவலியோடு வரும் மூதாட்டிக்கும் ஹாரன் சத்தமில்லாத தெரு பெரிய ஆறுதல்.

ஆனால் நடக்க முடிவது வேறு, நிற்க முடிவது வேறு. ஜஹனாராவின் திட்டத்தில் தெருவின் நடுவே ஒரு சதுக்கம் இருந்தது. அதன் நடுவில் குளம். அந்தக் குளத்தில் விழுந்த நிலவொளியே தெருவுக்குப் பெயர் தந்தது என்பார்கள். தெரு நெடுக வாய்க்கால் ஓடியது. வடக்கே சராய், அதற்குப் பின்னால் தோட்டம், தெற்கே குளியல்மனை. வருகிறவர் தங்கவும் இளைப்பாறவும் இடம்விட்ட திட்டம் அது. 1857 எழுச்சியை ஒடுக்கிய ஆங்கிலேயர் சராயை இடித்து, அங்கே டவுன் ஹாலைக் கட்டினர். குளம் இருந்த இடத்தில் எழுந்த மணிக்கூண்டும் 1951இல் சரிந்து விழுந்தது.

பழைய திட்டத்தைப் பொற்காலம் என்று கொண்டாடவும் வேண்டியதில்லை. அந்தச் சராய் பாரசீக, உஸ்பெக் செல்வந்த வணிகர்களுக்கானது. தோட்டம் அரச குடும்பத்துப் பெண்களுக்கானது. சுமை தூக்கியவளும் தண்ணீர் சுமந்தவளும் அந்தக் கணக்கில் இல்லை. ஆகவே முகலாயச் சாயலை மீட்டுவிட்டோம் என்ற பெருமிதம் நமக்குப் பயன்படாது. இன்றைய திட்டம் முகலாயர் காலத்திலிருந்து சிவப்பு நிறத்தை எடுத்துக்கொண்டது. தண்ணீரையும் நிழலையும் இளைப்பாறுதலையும் எடுத்துக்கொள்ளவில்லை. கல் இருக்கைகள் உண்டு. மே மாதத்து டெல்லி வெயிலில் கல் இருக்கையில் யார் உட்கார முடியும்?

ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் மும்பையை ஆராய்ந்து 2011இல் 'ஒய் லாய்ட்டர்' என்ற நூலை எழுதினார்கள். பொதுவெளிக்கு வரும் பெண் எப்போதும் ஒரு காரணத்தைக் கையில் வைத்திருக்க வேண்டியிருக்கிறது என்பது அவர்கள் காட்டிய உண்மை. வேலைக்குப் போகிறேன், பிள்ளையை அழைக்கப் போகிறேன், சாமான் வாங்கப் போகிறேன். சும்மா நிற்கிறேன் என்று மட்டும் அவளால் சொல்ல முடியாது.

சாந்தினி சௌக் அந்தக் காரணத்தைத் தாராளமாகத் தருகிறது. கல்யாண லெஹங்கா, தரீபா கலானின் வெள்ளி நகை, கினாரி பஜாரின் சரிகை என்று தெருவே மணப்பெண்ணை நம்பித்தான் பிழைக்கிறது. ஆனால் அவளுக்குக் கிடைக்கும் மரியாதை வாங்குகிறவளுக்கான மரியாதை. கடைக்குள் துணியை விரித்துக் காட்டுபவர், கல்லாவில் இருப்பவர், மூட்டை சுமப்பவர் பெரும்பாலும் ஆண்கள். விற்கப்படும் துணியில் மணியும் ஜிகினாவும் தைக்கும் பெண்களோ வீட்டுக்குள்ளிருந்தபடி உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறார்கள். அவர்களது உழைப்பு தெருவுக்கு வருகிறது, அவர்கள் வருவதில்லை.

தெருவோரம் விற்பதுதான் முதலீடில்லாத பெண் சந்தைக்குள் நுழையக்கூடிய வழி. சாந்தினி சௌக்கோ விற்பனைக்குத் தடைசெய்யப்பட்ட பகுதி. புதிய தெரு திறக்கப்பட்ட அதே 2021இல் தெருவோர வியாபாரிகளை அகற்றும்படி டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. நடைபாதை அடைபட்டால் கர்ப்பிணிக்கும் சக்கர நாற்காலியில் வருபவருக்கும் சிரமம் என்பது நியாயமான வாதம். ஆனால் அதற்கான வழியை 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் சொல்லியிருக்கிறது: வியாபாரிகளைக் கணக்கெடு, இடத்தை வரையறு, முடிவெடுக்கும் குழுவில் அவர்களையும் உட்கார வை. அந்தக் குழுவில் வியாபாரிகளின் பிரதிநிதிகளில் மூன்றில் ஒரு பங்கு பெண்களாக இருக்க வேண்டும் என்றும் அது விதிக்கிறது. 1.3 கிலோமீட்டருக்குக் கல் பாவ முடிந்தவர்களால் அந்தக் கல்லில் சில சதுர அடிகளைக் கோடு போட்டுக் கொடுத்திருக்க முடியாதா?

வியாபாரிகளை அகற்றினால் பெண்ணுக்கு இன்னொரு இழப்பும் உண்டு. தெருவைக் காப்பது அதில் இருப்பவர்களின் கண்கள்தாம் என்று 1961லேயே எழுதினார் ஜேன் ஜேக்கப்ஸ். பூ விற்பவளும் வேர்க்கடலை வறுப்பவரும் கடை ஷட்டர் இறங்கிய பிறகும் தெருவில் இருப்பார்கள். அவர்கள் இல்லாத தெருவில் கேமரா இருக்கலாம். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க ஆள் இருக்காது. வண்டித் தடை இரவு 9 மணிக்கு முடிவதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அது கடைகளின் நேரத்தை ஒட்டிய கடிகாரம். வேலை முடிந்து தாமதமாகத் திரும்புகிறவளின் நேரம் அதற்குள் வரவில்லை.

எந்த ஊரிலும் பழைய தெருவொன்று புதுப்பிக்கப்படும்போது, திறப்பு விழாப் படங்களைத் தள்ளி வைத்துவிட்டுச் சில கேள்விகளோடு அங்கே போகலாம். எதுவும் வாங்காத பெண் எவ்வளவு நேரம் நிழலில் உட்கார முடிகிறது? கழிப்பறைக்குக் காசு கேட்கிறார்களா, அது எத்தனை மணிக்குப் பூட்டப்படுகிறது? விற்பவர்களில் எத்தனை பெண்கள்? ரிக்‌ஷா இழுப்பவருக்குத் தண்ணீர் எங்கே கிடைக்கிறது? கடைசிப் பேருந்துக்குப் போகும் வழியில் விளக்கு எரிகிறதா? தெருவைத் திட்டமிட்ட கூட்டத்தில் இவற்றைக் கேட்க யாராவது இருந்தார்களா என்பது இந்தப் பதில்களிலேயே தெரிந்துவிடும்.